“ஒண்ணு இருக்குல்ல, அது போதாதா?”

கர்ப்பிணிகளின் மருத்துவச் சீட்டில் நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும்: ஜி, பி, எல், ஏ. எத்தனை முறை கருவுற்றாய், எத்தனை பிரசவம் ஆனது, எத்தனை பிள்ளை உயிரோடு இருக்கிறது, எத்தனை கரு கலைந்தது என்பது அதன் பொருள். சில மாதங்களுக்கு முன் எங்களோடு மருத்துவமனைக்கு வந்த அக்காவின் சீட்டில் ஜி 4, பி 1, எல் 1, ஏ 3 என்று எழுதினார்கள். நான்கு முறை கருவுற்றிருக்கிறார். ஒரு மகள் இருக்கிறாள். மூன்று கரு கலைந்துவிட்டது.

சீட்டைப் பார்த்த மருத்துவர் மூன்றாவது எழுத்தோடு நின்றுவிட்டார். “ஒண்ணு இருக்குல்லம்மா, அது போதாதா? இருக்கிற பிள்ளையை நல்லா வளர்க்கப் பாரு” என்றார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். நான்காவது எழுத்துக்குப் பக்கத்தில் அந்த 3 எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதும் ஓர் அரசியல்தான் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அக்காவின் சம்மதத்தோடு எழுதுகிறோம். அவர் யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

முதலில் தவறியது நாங்கள்

அக்கா நிலக்கோட்டைப் பக்கத்துக் காலனி ஒன்றில் இருக்கிறார். முப்பது வயதுகூட ஆகவில்லை. மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கும் வேலை. விடிவதற்கு முன்பே நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால்தான், மொட்டு விரிவதற்குள் பறித்து நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு அனுப்ப முடியும். கூலி எடைக் கணக்கு. குனிந்த முதுகு நிமிர்வதற்குள் வெயில் ஏறிவிடும்.

மகள் பிறந்து இரண்டு வருடம் கழித்து மறுபடி கருவுற்றார். எட்டாவது வாரம் கலைந்தது. அடுத்தது ஸ்கேனில் “துடிப்பு இல்லை” என்றார்கள். தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிச் சுத்தம் செய்தார்கள். மூன்றாவது, பூப்பறித்துக்கொண்டிருந்தபோது உதிரம் போகத் தொடங்கியது. அன்று பறித்த பூவை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தார். நான்காம் நாள் திரும்பவும் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இது எங்களுக்கு முன்பே தெரியும். எங்கள் கூட்டங்களுக்கு வருகிறவர்தான் அவர். இரண்டாவது முறை கலைந்தபோது எங்களில் ஒருவர் ஆறுதலாகச் சொன்னதும் இதே வார்த்தைதான்: “விடுங்கக்கா, பாப்பா இருக்காள்ல.” அன்பாகத்தான் சொன்னோம். ஆனால் மருத்துவர் சொன்னதற்கும் நாங்கள் சொன்னதற்கும் தொனியில்தான் வித்தியாசம், பொருள் ஒன்றுதான். உனக்கு உரிய பங்கு கிடைத்துவிட்டது, அதற்கு மேல் கேட்காதே என்பதுதான் அது. பஞ்சமி நிலத்திலும் கல்வியிலும் வேலையிலும் இந்தப் பேச்சை எதிர்த்து நிற்கும் நாம், ஒரு பெண்ணின் கருப்பையைப் பற்றி வரும்போது அதையே ஆறுதலாகச் சொல்கிறோம்.

மாமியார், “கனம் தூக்கியிருப்பா” என்றார். பக்கத்து வீட்டில், “பப்பாளி தின்னாளோ என்னமோ” என்றார்கள். கோயிலில் கயிறு கட்டினார்கள். வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எல்லாக் காரணமும் அவர் உடம்பிலேயே போய் முடிந்தது.

மருத்துவம் என்ன சொல்கிறது?

இதில் உணர்ச்சியை விட விவரம் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கருச்சிதைவு அரிதான ஒன்றல்ல. 2021இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழ் இதைப் பற்றி ஒரு தனித் தொடரே வெளியிட்டது. உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 2.3 கோடி கருச்சிதைவுகள், அதாவது நிமிடத்துக்கு 44 என்பது அதன் மதிப்பீடு. உறுதியான கர்ப்பங்களில் ஏறக்குறைய 15 சதவீதம் இப்படி முடிகிறது. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பெரும்பகுதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் நேரும் பிழை. தாய் கனம் தூக்கியதோ, பப்பாளி தின்றதோ, யாரோ கண் வைத்ததோ அல்ல.

ஒருமுறை கலைவது பலருக்கும் நடப்பது. அடுத்த கர்ப்பம் நன்றாகவே அமையும். ஆனால் திரும்பத் திரும்ப நடந்தால் அது வேறு. இரண்டு முறை இழந்தவர்கள் பெண்களில் சுமார் 2 சதவீதம். மூன்று அல்லது அதற்கு மேல் இழந்தவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இரண்டு இழப்பு ஆனாலே அதைத் ‘தொடர் கருச்சிதைவு’ என்று எடுத்துக்கொண்டு பரிசோதிக்கச் சொல்கிறது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகம் மூன்று என்று வைத்திருக்கிறது; ஆனால் அந்த மூன்றும் அடுத்தடுத்து வந்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2023இல் கைவிட்டுவிட்டது. எந்தக் கணக்கை எடுத்தாலும் எங்கள் அக்கா அதற்குள் வருகிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஏற்கெனவே குழந்தை இருந்தால் பரிசோதிக்க வேண்டாம் என்று இந்த வழிகாட்டுதல்கள் சொல்லவில்லை. ஒரு பிள்ளை பெற்ற பிறகு தொடர்ந்து கலைவதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. ‘இரண்டாம் நிலைத் தொடர் கருச்சிதைவு’ என்கிறார்கள். முதல் பிள்ளை பிறந்தபோது இருந்த உடம்பு இன்று இருப்பதில்லை. தைராய்டு குறைந்திருக்கலாம். சர்க்கரை ஏறியிருக்கலாம். கருப்பையைச் சுத்தம் செய்தபோது உள்ளே தழும்பு ஒட்டியிருக்கலாம். இரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கலாம். ‘ஒண்ணு இருக்குல்ல’ என்பது இதில் எதையும் இல்லை என்று நிரூபிப்பதில்லை.

பார்க்க வேண்டிய பரிசோதனைகளும் ஏதோ விண்வெளி விஞ்ஞானம் அல்ல. இரத்த எண்ணிக்கை, சர்க்கரை, தைராய்டு, கருப்பையின் அமைப்பைப் பார்க்கும் ஸ்கேன், ‘ஆன்டி பாஸ்போலிப்பிட்’ எதிர்ப்பொருள் சோதனை. இந்தக் கடைசிச் சோதனையில் ஒருமுறை இருப்பதாக வந்தால் போதாது. 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். தேவைப்பட்டால் கலைந்த கருவின் திசுவையும் கணவன் மனைவி இருவரின் குரோமோசோம்களையும் பார்ப்பார்கள்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். அந்த எதிர்ப்பொருள் இருந்து தொடர்ந்து கலைந்த 90 பெண்களிடம் லண்டனில் நடந்த ஆய்வு 1997இல் வெளியானது. ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. ஆஸ்பிரினோடு ஹெப்பரின் ஊசியும் சேர்த்துக் கொடுத்தபோது அது 71 சதவீதம் ஆனது. (காரணம் தெரியாமல் இந்த மருந்துகளை யாரும் தானாக வாங்கிப் போடக் கூடாது. அது ஆபத்து.) ஓர் இரத்தச் சோதனையை எழுதிக் கொடுப்பதற்கும் கொடுக்காமல் விடுவதற்கும் இடையில் இவ்வளவு இருக்கிறது.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. எல்லாச் சோதனையும் செய்த பிறகும் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது. அப்படித் தெரியாதவர்களில் பலருக்கு அடுத்த கர்ப்பம் தங்கிவிடுகிறது. ‘பார்த்தோம், உன் உடம்பில் குறை எதுவும் தெரியவில்லை’ என்று கேட்பதும் ‘போதும் போ’ என்று கேட்பதும் ஒன்றல்ல. முன்னதைக் கேட்ட பெண் தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ள மாட்டாள்.

யாருடைய பிள்ளை வேண்டும்?

தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார் இறப்பு. இந்திய அளவில் அது 97. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தார் என்று தணிக்கை நடக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வெயிலில் வீடு வீடாக அலைந்து கட்டியது இது. அவர்களில் நம் பெண்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இந்த அமைப்பு எண்ணக் கற்றுக்கொண்டது பிரசவத்தைத்தான். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கினால்தான் கணக்கு தொடங்குகிறது. அதற்கு முன்பே எட்டாவது வாரத்தில் கலைந்தால் அந்தக் கர்ப்பம் எங்கேயும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் பதிவு, பிரசவம், தடுப்பூசி என்று தவணை தவணையாக வருவது. நடுவில் கலைந்தவருக்கு அடுத்த தவணை கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வெளிநோயாளிச் சீட்டில் எழுதும் இரத்தச் சோதனைக்குக் கைக்காசுதான். பெரிய ஆய்வகத்தில் எடுக்க வேண்டிய எதிர்ப்பொருள் சோதனைக்குப் பூப்பறிக்கும் பெண்ணின் பல நாள் கூலி போய்விடும். அதையும் இரண்டு முறை எடுக்க வேண்டும். குழுக்கடன் தவணைக்கு நடுவே அதை யார் எடுப்பார்?

பணம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்த நாட்டில் ஏழைப் பெண்ணின் கருவுறுதலை, அதிலும் தலித், பழங்குடிப் பெண்ணின் கருவுறுதலை, குறைக்க வேண்டிய எண்ணிக்கையாகவே அரசு பார்த்து வந்திருக்கிறது. எங்கள் அம்மாக்களின் தலைமுறையில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் இலக்கு, முகாம், ஊக்கத்தொகை. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் கருத்தடை முகாம்களில் அறுவை செய்யப்பட்ட பெண்களில் 13 பேர் இறந்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தச் சொன்னது. இனப்பெருக்க உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்பதை அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது. முகாமை நிறுத்தச் சொல்லியாயிற்று; பார்வை போகவில்லை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தப் பார்வை வழியாகப் பார்த்தால், ஒரு பிள்ளையோடு நிற்கும் காலனிப் பெண்ணின் கருச்சிதைவு நோயாகவே தெரியாது. நல்லதாகக்கூடத் தெரியும்.

இதில் வேடிக்கை ஒன்று. 2025 மார்ச்சில் தொகுதி மறுவரையறை பற்றிய சர்ச்சை நடந்தபோது, முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில் மணமக்கள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்ற இடம் குறையும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் மேடையில் பிள்ளை கேட்கும் அரசின் வெளிநோயாளிப் பிரிவில், பிள்ளை வேண்டும் என்று வந்தவரிடம் ‘போதாதா’ என்கிறார்கள். எண்ணிக்கை வேண்டும்போது பெறச் சொல்வதும், வேண்டாதபோது நிறுத்தச் சொல்வதும் ஒரே மனநிலையின் இரண்டு முகம். இரண்டிலும் அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி இல்லை.

லான்செட் தொடரில் எங்களை நிறுத்திய வரி ஒன்று உண்டு. வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து சுமார் 40 சதவீதம் கூடுதல் என்கிறது அது. அங்கே இனவாரியாக எண்ணினார்கள், அதனால் தெரிந்தது. இங்கே ஒரு மருத்துவமனைப் பதிவேட்டில் ‘ஏ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்களைச் சாதிவாரியாகக் கூட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? எண்ணினால்தான் தெரியும். 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை, இந்தியாவில் ஒரு தலித் பெண் உயர்சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 ஆண்டு முன்னதாக இறக்கிறாள் என்று சொன்னது. பிறப்பதற்கு முன்பான இழப்புகளில் மட்டும் சாதி நுழையாமல் இருக்கும் என்று நம்ப எங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை.

தோட்டமும் மில்லும்

மருத்துவர் கேட்காத இன்னொரு கேள்வி: “என்ன வேலை பார்க்கிற?”

மல்லிகையில் மொட்டுப்புழுவுக்கும் பேனுக்கும் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள். மருந்து அடித்த செடிக்குள்தான் நம் பெண்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அடிப்பது பெரும்பாலும் வீட்டு ஆண்கள். அதே சட்டையோடு வீட்டுக்கு வருகிறார்கள். இந்தியப் பருத்தி வயல்களில் பூச்சிமருந்து தெளித்த ஆண்களின் குடும்பங்களை ஆராய்ந்து 1991இல் வெளியான ஆய்வு, அந்தக் குடும்பங்களில் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. எங்கள் அக்காவுக்கு இதுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. ஆனால் மூன்று முறை கலைந்த பிறகும் கணவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. கரு இருவரால் உருவாவது. விசாரணை மட்டும் ஒருவரிடம் நடக்கிறது.

தோட்டத்துக்குப் போகாதவர்கள் மில் பஸ் ஏறுகிறார்கள். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலாளர்கள் சுமார் 100 பேரிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்றால் விடுப்பு தராமல், பெயர் அட்டை இல்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து வேலையைத் தொடரச் செய்தார்கள் என்பது அந்தச் செய்தி. தங்களுக்கு வந்த உடல்நலக் கேடுகளாகப் பெண்கள் சொன்னவற்றில் கருப்பைக் கட்டியும் கருச்சிதைவும் இருந்தன. உற்பத்தி நிற்கக் கூடாது. உடம்பு என்ன ஆனாலும் சரி.

சட்டம் இல்லாமல் இல்லை. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே எழுதி வைத்தது. அதனால் உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம். பிரசவ விடுப்பைப் போல ‘எத்தனையாவது பிள்ளை’ என்ற கணக்கும் அதற்குக் கிடையாது. எத்தனை மில் தொழிலாளிக்கு இது தெரியும் என்று எங்கள் கூட்டமொன்றில் கேட்டோம். ஒரு கைகூட உயரவில்லை. பூந்தோட்டத்துக்கு அந்தச் சட்டமும் எட்டாது. அதனால்தான் நான்காம் நாள் அக்கா திரும்பவும் டார்ச் லைட்டைக் கட்டினார்.

ஆனால் நம் மாவட்டத்திலேயே வென்று காட்டியவர்களும் உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் போன்ற உலக நிறுவனங்களோடும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஒப்பந்தம் அது. தளத்தில் வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பாளர்கள். பாலியல் தொல்லையைத் ‘தனிப்பட்ட விஷயம்’ என்று மூடிவைத்த இடத்தில் அதைத் தொழிலாளர் உரிமையாக மாற்றினார்கள். கருச்சிதைவையும் அப்படி மாற்ற முடியும்.

ரமாபாயின் கண்ணீர்

இது சொந்த விஷயம், இயக்கத்துக்கு என்ன வேலை என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறோம். அண்ணல் அம்பேத்கரும் அன்னை ரமாபாயும் ஐந்து பிள்ளைகளைப் பெற்றார்கள். நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926இல். யஷ்வந்த் மட்டுமே மிஞ்சினார். ‘ஒண்ணு இருக்குல்ல’ என்று அந்தத் தாயிடம் சொல்ல நமக்கு நா எழுமா?

அந்த இழப்புக்கு இரண்டு ஆண்டு கழித்து, 1928 ஜூலையில், பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலன் என்பது அவர் வாதம். 1938இல் அதே பம்பாய் சட்டமன்றத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக அவர் கட்சியின் சார்பில் தீர்மானம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பெற்றுக்கொள்ளாமல் இருக்கும் உரிமையும், பெறும்போது பாதுகாப்போடு பெறும் உரிமையும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள். பெரியார் வழி வந்த நமக்கு முதலாவது நன்றாகத் தெரியும். பிள்ளை பெறுவது பெண்ணின் கடமை அல்ல என்று நாம் உரக்கச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதையே சாக்காக வைத்து, பிள்ளை வேண்டும் என்று விரும்பும் பெண்ணின் வலியைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். முடிவு அவளுடையது என்றால் இரண்டு முடிவும் அவளுடையதுதான்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று, நோட்டுப் புத்தகம். அக்காவின் பழைய சீட்டுகள் மழையில் நனைந்தும் எலி கடித்தும் போயிருந்தன. ஒவ்வொரு முறையும் புதிய சீட்டு, புதிய மருத்துவர், முதலிலிருந்து கதை. நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்த மாதம், எத்தனையாவது வாரம், ஸ்கேனில் துடிப்பு இருந்ததா, சுத்தம் செய்தார்களா, என்ன மருந்து என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். உங்கள் ஊரில் உள்ள அக்காக்களுக்கு இதைச் செய்துகொடுங்கள். படித்தவர்கள் உடனே செய்யக்கூடிய வேலை இது.

இரண்டு, ஆவணம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. ஸ்கேன் அறிக்கையையும் சுருக்க அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். மரியாதையாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

மூன்று, கூடப் போங்கள். தனியாகப் போன அக்காவிடம் பேசிய தொனி ஒன்று. நாங்கள் இருவர் நோட்டோடு நின்றபோது பேசிய தொனி வேறு. அது வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. கணவரையும் அழைத்துப் போங்கள். அவர் பரிசோதனைக்கும் சேர்த்துத்தான்.

நான்கு, கோரிக்கை. இரண்டு கருச்சிதைவுக்குப் பிறகு பரிசோதனை என்பதை மாவட்ட அளவில் நடைமுறையாக்க வேண்டும். முதல் இழப்புக்குப் பிறகு ஆலோசனை, இரண்டாவதுக்குப் பிறகு அடிப்படை இரத்தப் பரிசோதனைகள், மூன்றாவதுக்குப் பிறகு முழுப் பரிசோதனை என்று லான்செட் தொடர் ஒரு படிநிலையைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம், வட்ட மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி என்ற நம் அடுக்குக்கு அது அச்சாகப் பொருந்தும். 2022 ஜனவரி முதல் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சோதனைகள் இலவசமாக வேண்டும். பரிந்துரைச் சீட்டில் ‘ஏற்கெனவே குழந்தை உண்டு’ என்பது தடையாகக் கூடாது.

ஐந்து, எண்ணிக்கை. பிக்மி பதிவுக்கு முன் நடந்த இழப்புகளையும் கேட்டுப் பதிய வேண்டும். சாதி, தொழில் வாரியாக அந்தக் கணக்கை வெளியிட வேண்டும். நிலக்கோட்டை தனித்தொகுதி. நம் ஓட்டில் நம்மவர் சட்டமன்றம் போகும் தொகுதி. இந்தக் கேள்வியைச் சட்டமன்றத்தில் எழுப்பச் சொல்லி மனு கொடுக்க வேறு தகுதி எதுவும் தேவையில்லை.

பன்னிரண்டு வாரம்

வேறொரு அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் அந்த நோட்டைக் கையில் வாங்கினார். ஐந்து நிமிடம் பக்கம் பக்கமாகப் படித்தார். “ஏம்மா, மூணு தடவை ஆயிருக்கு, இத்தனை நாள் யாரும் தைராய்டு பார்க்கலையா?” என்று கேட்டார். பார்த்தபோது தைராய்டு சுரப்பு குறைந்திருந்தது. மாத்திரை தொடங்கியாயிற்று. அது மட்டும்தான் காரணமா என்று இன்னும் தெரியாது என்றும் சொன்னார். எதிர்ப்பொருள் சோதனை ஒருமுறை எடுத்தாயிற்று. இரண்டாவது முறை எடுக்க 12 வாரம் காத்திருக்கிறோம். இதை எழுதும்போது அது முடியவில்லை. ஆகவே ‘கடைசியில் பிள்ளை பிறந்தது’ என்று இந்தக் கட்டுரையை முடிக்க எங்களால் முடியாது. பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவிடம் கேட்டோம், ரிசல்ட்டை நினைத்தால் பயமாக இருக்கிறதா என்று. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு சொன்னார்:

“காரணம் எதுவும் இல்லைன்னு சொன்னாக்கூடச் சரிதான் தங்கச்சி. பார்த்துட்டுச் சொன்னாங்கள்ல, அது போதும்.”

மருத்துவர் கேட்ட ‘போதாதா’வுக்கும் அக்கா சொன்ன ‘போதும்’ என்ற வார்த்தைக்கும் இடையில் இருக்கும் தூரத்தை நடந்து கடப்பதுதான் நம் வேலை.

ஜெய்பீம்.